காற்று பார்த்துக் கட்டிய பரண்

கேட்காமலேயே யோசனை சொல்வது ஒரு வியாதி. எனக்கு அது கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. (மறைத்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள்.)

சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும், நாங்கள் நார்த்தாமலைப் பக்கம் கணவரின் ஊருக்கே வந்துவிட்டோம். அடுத்த வீட்டில் என் நாத்தனார் வள்ளி. காட்டை ஒட்டி அவளுக்கு ஒரு கடலைக்கொல்லை. அந்த வருடம் செடி பூத்து நின்ற நேரத்தில், சாயங்காலமானால் புள்ளிமான்கள் வந்து மேய ஆரம்பித்தன. மானைத் தொட்டால் ஜெயில்; விரட்டத்தான் முடியும். மரத்தில் பரண் கட்டி, ஆள் உட்கார்ந்து, மானைக் கண்டதும் தகரத்தைத் தட்டுவது என்று முடிவானது.

“மோட்டார் ரூம் பக்கத்து வேம்புல கட்டிருவோம்” என்றாள் வள்ளி.

“இரு வள்ளி. எந்த மரம்னு முறையா பாக்கணும்” என்றேன். (வியாதி!)

இரண்டு நாள் வெளிநாட்டு வேட்டைக்காரர்களின் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். மான் நடக்கும் தடத்தருகே உட்கார வேண்டும். காற்று மானிடமிருந்து நம் பக்கம் அடிக்க வேண்டும், நம் வாடை அதற்குப் போகக் கூடாது. முதுகுக்குப் பின்னால் அடர்ந்த இலை வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, முகப் பவுடரை உள்ளங்கையிலிருந்து ஊதி ஊதிக் காற்று பார்த்தபடி கொல்லையைச் சுற்றினேன். மான் புழுக்கையைக் குச்சியால் கிளறி ஆராய்ந்தேன். கடைசியில் இரண்டு தடங்கள் சேரும் இடத்திலிருந்த புளியமரம் தேர்வானது.

“அங்கிட்டு உக்காந்தா ஆள் இருக்கறதே மானுக்குத் தெரியாதே அண்ணி?”

“அதான் வேணும்!”

படித்தவள் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவள் ஒத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்காரர் இரண்டு நாள் மெனக்கெட்டு மூங்கில் வெட்டிப் பரண் கட்டினார். அவர்கள் நாயை வீட்டில் கட்டிப்போடச் சொன்னதும் நான்தான்.

முதல் காவலுக்கு நானே கிளம்பினேன். சோப்புப் போடாமல் குளித்து, பூ வைக்காமல், கணவரின் பச்சைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன்.

“பட்டாளத்துல சேந்துட்டியா?” என்றார் கணவர் கீழேயிருந்து. நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். (சத்தம் கூடாது.) அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்.

ஐந்தரை மணிக்கு முதல் மான் வந்தது. மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது. நான் மூச்சை அடக்கினேன். அதற்கு ஒன்றுமே தெரியவில்லை! பின்னாலேயே வரிசையாகப் பதினாறு வந்தன. என் காலுக்குக் கீழே நடந்துபோய்க் கொல்லையில் இறங்கின. பூரித்துப்போனேன். எந்தப் பரீட்சையிலும் நான் இவ்வளவு மார்க் வாங்கியதில்லை. குட்டி துள்ளுவதை வீடியோ எடுத்தேன். தாய் மெல்லுவதைக் கிட்டக் காட்டி எடுத்தேன். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

போன் அதிர்ந்தது. வள்ளி.

“அண்ணி, மானு வந்துச்சா?”

“உஸ்! பதினேழு நிக்குது. மெதுவாப் பேசு, ஓடிரும்.”

“ஓடணும்னுதானே அண்ணி ஒங்கள ஏத்திவிட்டது!”

தகரத்தைத் தேடினேன். அது ஏணியடியிலேயே கிடந்தது. “ஏய்! போ! போ!” என்று கத்தினேன். ஒரு மான் நிமிர்ந்து நாலாபக்கமும் பார்த்தது, ஆளைக் காணாமல் (மறைவு அவ்வளவு பிரமாதம்) மறுபடி குனிந்துகொண்டது. பதறி இறங்கினேன். பாதியில் கால் வழுக்கி, ஏணியும் நானுமாகத் தகரத்தின் மேல் விழுந்தோம். அந்தச் சத்தத்துக்குத்தான் அவை ஓடின.

வள்ளி ஓடிவந்தாள். கொல்லையில் பாதி மொட்டையாகக் கிடந்தது. அதை ஒரு முறை பார்த்தாள், என்னை ஒரு முறை பார்த்தாள்.

“அடி எதுவும் பட்டுருச்சா அண்ணி?”

திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் பரணைப் பிரித்து வேம்புக்கு மாற்றினோம். மூங்கில் முழுவதையும் நானே சுமந்தேன். அறுவடை வரை சாயங்காலக் காவலும் நானே பார்த்தேன். தலை நிறைய மல்லிகை, மேலெல்லாம் வாசனைப் பவுடர், கையில் அலறும் ரேடியோ என்று வள்ளி சொன்ன ஜோடனையோடு உட்கார்ந்ததில் ஒரு மான்கூட எட்டிப் பார்க்கவில்லை. மீதிக் கடலை தப்பியது.

போன மாதம் வள்ளியின் மகளுக்குக் காதுகுத்து. பந்தி எங்கே போடுவது என்று பேச்சு வந்தது. நான் வாயைத் திறக்கவேயில்லை, சத்தியமாக. வள்ளிதான் சபையில் சொன்னாள்:

“எடத்த எங்க அண்ணி பாக்கட்டும். அவுங்க பாத்த எடத்துல, அழைக்காத கூட்டம்கூட வந்து வயிறு முட்டத் தின்னுட்டுப் போகும்.”