காலிப் பேருந்துக்கு மாலை போட்ட கதை

ஆள் இல்லாத பேருந்துக்கு மேளம் கொட்டி வரவேற்பு கொடுத்த ஒரே ஊர் வில்லியனூராகத்தான் இருக்கும். அந்தப் பெருமையை அந்த ஊருக்குத் தேடிக் கொடுத்தவன் நான்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்கொடி இறங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் பாகூரிலிருந்து வில்லியனூர் போக வேண்டுமானால் நடுவில் இந்திய ஊர்கள் குறுக்கிடும். கொடி இறங்கும்வரை எல்லையில் சோதனைச் சாவடி இருந்தது. வண்டியை விட்டு இறங்கி, வரிசையில் நின்று, மூட்டையைப் பிரித்துக் காட்டி, அந்தப் பக்கம் நடந்து போய் வேறு வண்டி பிடிக்க வேண்டும்.

பண்டசோழநல்லூரில் கரும்பு போட்டிருந்த தணிகாசலம் முதலாளி, பாதி நிலத்தை விற்று, பாகூருக்கும் வில்லியனூருக்கும் ஓட்டப் பழைய பேருந்து ஒன்றை வாங்கினார். ("பஸ்ஸுல யாரு ஏறுவா, இவுரு பொண்டாட்டியா?" என்று ஊரே கேட்டது.) எனக்குக் காக்கிச் சட்டையும் விசிலும் கொடுத்தபோது அவர் சொன்னது ஒன்றுதான்.

"நம்ம ஜனம் இனிமே பாதி வழியில எறங்கி நடக்கக் கூடாது. அதுக்குத்தான்டா இந்த வண்டி. புரியுதா?"

நன்றாகப் புரிந்தது என்று தலையாட்டினேன்.

முதல் நாள் வண்டி நிறைந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. முன் சீட்டில் அஞ்சலையக்கா, நல்லவாட்டிலிருந்து விடியலிலேயே கிளம்பி வந்தவர், மடியில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் மாணிக்கம் அண்ணன் லாரி ஓட்டியவர். காது கொஞ்சம் மந்தம், திரும்பிப் பார்க்கும் பழக்கம் கிடையாது. ஒரு விசில் அடித்தால் நிற்பார், இரண்டு அடித்தால் போவார்.

பழைய சாவடி கண்ணில் பட்டது. குறுக்கு மூங்கிலை எப்போதோ எடுத்துவிட்டார்கள், கொட்டகை மட்டும் நின்றது. என் வாய்க்கும் விசிலுக்கும் நடுவே மூளை என்ற ஒன்று இருந்திருக்க வேண்டும். அன்று அது லீவு. ஒரு விசில் அடித்தேன்.

"எல்லாரும் எறங்குங்க. மூட்டையப் பிரிச்சி ரெடியா வெச்சிக்கங்க."

ஒருவராவது ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சட்டை வேறு காக்கி. மொத்த வண்டியும் இறங்கி ஒழுங்காக வரிசையில் நின்றது. நானும் என் தோல்பையைத் திறந்து வைத்துக்கொண்டு முன்னால் நின்றேன். (யார் கேட்டாலும் இதை மட்டும் நான் சொல்வதில்லை.)

அஞ்சலையக்கா கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே ஓர் ஆடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"யாருகிட்டபா காட்டறது? இதுகிட்டயா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாரையும் சட்டென்று ஏற்றிவிடும் அவசரத்தில் விசிலை வாயில் வைத்து ஊதினேன். இரண்டு முறை.

மாணிக்கம் அண்ணன் கிளம்பிப் போய்விட்டார்.

கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். புழுதிதான் மிச்சம். திரும்பி வந்தபோது அஞ்சலையக்கா கூடையை நிழலில் இறக்கி வைத்துவிட்டு, "மீனு இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும். நீ தாங்குவியா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது.

அதற்குள் வரிசையின் கடைசியில் ஆள் சேர ஆரம்பித்திருந்தது. பக்கத்துக் குப்பத்துச் சனம், வரிசையைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

"பஸ்ஸு இங்கதான் நிக்குமா?" என்று மூட்டையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்.

இல்லை என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? "ஆமாம்" என்றேன்.

வில்லியனூரில் மேளம் முழங்க, மாலையோடு முதலாளி காத்திருந்தாராம். வண்டி வந்து நின்றது. கண்டக்டர்கூட இல்லை. "நான் அப்பவே சொன்னேன்" என்று நான்கு பேர் சொன்னார்களாம். முதலாளி மாலையை வண்டிக்கே போட்டுவிட்டு அதிலேயே ஏறித் திரும்பி வந்து இறங்கினார்.

"இன்னாடா பண்ணி வெச்ச?"

விசிலைக் கழற்றி நீட்டினேன்.

"அவனத் திட்டாத மொதலாளி" என்றார் அஞ்சலையக்கா. "அவன் எறங்கச் சொன்னான், நாங்க எறங்கனோம். அஞ்சாறு வருசமா எறங்கன காலு."

முதலாளி வரிசையைப் பார்த்துக்கொண்டே கடைசிவரை நடந்தார். "நீங்கல்லாம் யாரு? வண்டியில வந்தவங்களா?"

"நாங்க இந்தக் குப்பம். ஆஸ்பத்திரிக்கின்னா நடந்துதான் போவோம்" என்றாள் அந்த மூட்டைப் பெண். "சாவடி போனப்பறம் இங்க எந்த வண்டி நின்னுது, நாங்க ஏற?"

அவர் திரும்பி வந்து, வாங்கி வைத்திருந்த விசிலை என் கையில் திணித்தார்.

"எல்லாத்தையும் ஏத்து. நாளையிலேருந்து இங்கயும் நிக்கும்."

வில்லியனூருக்குள் வண்டி இரண்டாம் முறை நுழைந்தபோது படிக்கட்டில் நிற்கக்கூட எனக்கு இடமில்லை. மேளக்காரர்கள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆனாலும் முதலாளியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் பிறகு என் கல்யாணத்தில்தான் வந்தது.

கல்யாணம் அந்த மூட்டைப் பெண்ணோடுதான். இன்றும் குடும்பத்தோடு காரில் அந்த வழியே போனால், என் மகன் அந்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்துவான். பேரப்பிள்ளைகள் உட்பட எல்லாரும் இறங்கிப் பையைத் திறந்து காட்டி வரிசையில் நிற்பார்கள். கடைசி ஆளாக என் மனைவி.

நான் மட்டும் காரை விட்டு இறங்குவதில்லை. யாராவது ஒருவர் வண்டியில் இருக்க வேண்டும், பாருங்கள்.