பெண் பார்க்க வந்தவர்கள் பின்போல் பார்த்த கதை

மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாதவர்களுக்கு, எப்போது திறக்கக்கூடாது என்பது மட்டும் கடைசிவரை தெரியவே தெரியாது. நான் அந்த இனம்.

யுத்தம் முடிந்து எங்கள் கரைப்பக்கம் வெள்ளைக்காரர்கள் மறுபடி வரத் தொடங்கிய காலம். சிலாபத்துப் பக்கம் ஒரு பழைய ஹோட்டலைப் புதுப்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய தளபாடம் வாங்கி விற்கும் வாப்பா லொறியோடு போனார். கட்டில், கதிரைகளோடு அவர்கள் ஒரு பெரிய மெஷினையும் தலையில் கட்டிவிட்டார்கள். அது குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் வீட்டு ஹோலில் இறங்கியது. (அறைக் கதவுக்குள் நுழையவில்லை.)

நாலு காலில் நிற்கும் சரிவான மேசை, மேலே கண்ணாடி. பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் கீழே இரண்டு சின்ன மட்டைகள் துள்ளி, உருண்டு வரும் இரும்புக் குண்டை மேலே விரட்டும். குண்டு படுமிடமெல்லாம் மணி அடிக்கும், புள்ளி ஏறும். பின்போல் என்று பெயர்.

"சூதாட்டப் பெட்டியாடி?" என்றார் உம்மா.

"இல்ல உம்மா. காசு ஒண்டும் வராது."

"அப்ப என்னத்துக்கு?"

சும்மா விளையாடத்தான். அதுவும் லேசல்ல. நான் இரண்டு மட்டையையும் உயிரைக் கொடுத்து அடிக்க, குண்டு நடுவால் மரியாதையாக இறங்கிப் போய்விடும். கோபத்தில் மேசையை உலுக்கினால் ‘டில்ட்’ என்று ஒரு விளக்கு எரிந்து, ஆட்டம் அப்படியே செத்துவிடும்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது வேறு விஷயம். பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிப்பவள் நான். ஒன்பதோடு ஒன்றைக் கூட்டினால் அந்த இடம் பூச்சியமாகி, பக்கத்து வீட்டுக்கு ஒன்று போகும் என்பதை விளங்கப்படுத்தத் தொண்டை கட்டிவிடும். இந்த மெஷினுக்குள் கம்பியூட்டர் கிடையாது. வயரும், காந்தமும், எண்கள் எழுதிய சக்கரங்களும்தான். ஆனாலும் அது ஒரு தரமும் பிழைக்காமல் பக்கத்து வீட்டுக்கு ஒன்றை அனுப்பியது. எப்படி?

இந்தக் கேள்வி உச்சத்தில் இருந்த அன்றுதான் புத்தளத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு வருவார்கள் என்றார்கள். உம்மா எனக்குப் புதுச் சல்வார் உடுத்தி, தன் தங்கக் காப்பை மாட்டிவிட்டு, "அசையாம இரி" என்று சொல்லிக் குசினிக்குள் போனார். நான் அசையாமல்தான் இருந்தேன், ஒரு ஐந்து நிமிஷம்.

பிறகு மேசைப் பலகையைத் தூக்கிக் கம்பால் முட்டுக் கொடுத்தேன். முழங்காலில் நின்று, தலையையும் வலது கையையும் உள்ளே விட்டேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. (ஓடினால்தானே பார்க்கலாம்!) காப்பு எங்கோ இரண்டு தகடுகளுக்கு நடுவே மாட்டியது. அவ்வளவுதான். மணி அடிக்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை. எண்கள் பைத்தியம் பிடித்தது போல் சுழன்றன. நான் ஆயுளில் எடுக்காத புள்ளியெல்லாம் அப்போது எடுத்தேன்.

"உம்மா! கரண்ட நிப்பாட்டுங்க!"

"அல்லாஹ்! நான் தொட மாட்டன்!"

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் நின்றது. நேரத்தோடே வந்துவிட்டார்கள். என் முகத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு முதலில் கிடைத்தது என் இரண்டு உள்ளங்கால்கள்.

மாப்பிள்ளையின் தாய் நல்ல கனமான மனுசி. ஸலாம் சொல்லியபடியே நேராக வந்து, இடுப்பால் மெஷினுக்கு ஒரு இடி இடித்தார். விளக்கு எரிந்தது. டில்ட். வீடே அமைதியானது.

"எங்கட பழைய தையல் மெஷினும் இப்பிடித்தான்" என்றார்.

உம்மா தேங்காயெண்ணெயை ஊற்ற ஊற்ற, என் கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. காப்பு வரவில்லை. எண்ணெய் வடிந்த சல்வாரோடு நான் அறைக்குள் ஓடினேன். காப்பை எடுத்துத் தருகிறேன் என்று மாப்பிள்ளை ரிஸ்வான் பிளக்கைக் கழற்றிவிட்டு உள்ளே தலையை விட்டார். பெரியவர்கள் தேத்தண்ணி குடித்து, கதைத்து, எழும்பும் வரைக்கும் அந்தத் தலை வெளியே வரவில்லை. வந்தபோது கையில் காப்பு இருந்தது. முகமெல்லாம் கறுப்பு மை. "இந்தச் சக்கரம் ஒம்பதுல ஒரு சுவிச்சத் தட்டுது. அதாலதான் மத்தது நகருது" என்று என் வாப்பாவிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். வெட்கம் போய், ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

திரும்பும் வழியில் வேனுக்குள் அவருடைய தாய் கேட்டாராம்:

"என்ன மகன், எப்பிடி?"

"கொஞ்சம் பழசு உம்மா. ஆனா உள்ளுக்கு எல்லாம் நல்லா இரிக்கி."

அடுத்த நாள் காலையிலேயே மாப்பிள்ளையின் தாயிடமிருந்து என் உம்மாவுக்குப் போன் வந்தது. "புள்ளட வயசு கூட எண்டு மகன் கண்டுபிடிச்சிட்டான். பரவாயில்லயாம், புடிச்சிரிக்காம்."

என் வயதில் இரண்டு வருஷத்தைத் தரகர் விழுங்கியிருந்தது எனக்கே அப்போதுதான் தெரியவந்தது. "மன்னிச்சிக்கங்க, அந்தத் தரகர்தான்..." என்று உம்மா எல்லாவற்றையும் ஒப்புவித்துவிட்டார். அங்கே ரிஸ்வானோ, தான் சொன்னது மெஷினைப் பற்றி என்று வாயைத் திறக்கவில்லை. நிக்காஹ் முடிந்து ஒரு மாதம் கழித்து, என்னிடம் மட்டும் திறந்தார்.

நான் அதை மாமியிடம் சொன்னதுதான் பெரிய பிழை. இப்போது எங்கள் புத்தளம் வீட்டில் அந்தப் பின்போலைப் போல நான்கு மெஷின்கள் நிற்கின்றன. ஒன்றைத் திருத்தும்போது மற்றது பழுதாகும். பார்க்க வருகிறவர்கள் மரியாதைக்கு "மருமகள் எப்பிடி?" என்று கேட்டால் போதும். மாமி என்னைப் பார்த்துக்கொண்டே, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்:

"கொஞ்சம் பழசுதான். உள்ளுக்கு எல்லாம் நல்லா இரிக்கி. கத்தினா இடுப்பால ஒரு இடி."