பகுதி ஆ: மறுத்ததற்கான காரணம்

காதல் தோல்விக் கவிதைகளுக்கு வருடந்தோறும் விருது வழங்கப்படுகிறது என்ற செய்தி இலங்கை மலைநாட்டில் பலருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் எல்லாரும் விண்ணப்பித்துவிட்டார்கள்.

விருதை வழங்குவது எங்கள் மலைச்சாரல் இலக்கிய மேம்பாட்டுப் பணியகம். கொட்டகலை பஜாரில், பைஸர் நானாவின் அச்சுக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பொறுப்பான உத்தியோகத்தர் திரு. சிவசாமி. அவருக்குக் கீழே இருக்கிற மொத்த ஊழியர் படையும் நான் ஒருவன்தான். பெயர் செல்லசாமி. கடிதம் அடிப்பது, கோப்பு கட்டுவது, விழாவில் மைக் பிடிப்பது, மழை பெய்தால் கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி வைப்பது ஆகியவை என் கடமைகள்.

முன்பெல்லாம் கவிதையை மட்டும் பார்த்து விருது கொடுத்துக்கொண்டிருந்தோம். அதில்தான் தவறு நேர்ந்தது. போன வருடம் அக்கரப்பத்தனைப் பக்கத்திலிருந்து ஒருவர், "என் உயிரைப் பறித்தவளே" என்று எழுதி விருதை வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் அவருடைய மனைவி இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு பிள்ளையுமாகப் படியேறி வந்து, "அந்த அவ யாருங்க சேர்?" என்று கேட்டார். சிவசாமி சேர் முறைப்படி விசாரணை நடத்தினார். அப்படி ஒருத்தி எந்தத் தோட்டத்திலும் இல்லை என்று நிரூபணமானது. மனைவிக்கு நிம்மதி. எங்களுக்குத்தான் இல்லை. இல்லாத துயரத்துக்கு எந்த விதியின் கீழ் விருது வழங்கினீர்கள் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது.

ஆகவே இந்த வருடம் புதிய சுற்றறிக்கை. துயரம் உண்மையானது என உறுதிப்படுத்தப்பட்டிருத்தல் வேண்டும். விண்ணப்பத்தில் பகுதி அ கவிஞருக்கு. பகுதி ஆ, அவரை மறுத்த பெண்ணுக்கு. அதில் மறுத்தவர் பெயர், தொழில், மறுத்ததற்கான காரணம், ஒப்பம். பெண் கவிஞர்கள் யாரும் விண்ணப்பிக்கவில்லை. ஏன் என்று கேட்பதற்குப் படிவத்தில் இடமில்லை.

வந்த கவிதைகளை எல்லாம் நான்தான் அடுக்கினேன். பனிமூட்டத்தில் வருடத்தில் பாதி நாள் எதிர் லயத்து வீடுகளே தெரியாத ஊரில், எல்லாக் கவிதையிலும் நிலா இருந்தது. குடை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாத ஊரில், பாதிப் பேருடைய இதயம் பாலைவனமாகக் கிடந்தது.

அந்தக் கூட்டத்தில் முதலிடத்தில் இருந்தவர் வினோஜன். பைஸர் நானாவின் கடைக்குப் பக்கத்தில் போன் திருத்துகிறவர். பேஸ்புக்கில் அவர் பெயர் கண்ணீர்க்கவி வினோஜன். நாலாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். கறுப்புச் சட்டையும் அளவாக வளர்த்த தாடியுமாக இருப்பார். 'நீ அடைத்த ஜன்னல்' என்று எண்பத்தாறு பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டிருந்தார்.

சிவசாமி சேர் அவரை உட்காரவைத்துப் புத்தகத்தைப் புரட்டினார்.

"'நீ மறுத்த ஒற்றைச் சொல்லில் என் மலைகள் சரிந்தன.' எந்த மலை தம்பி?"

"மனசுல உள்ள மலைங்க சேர்."

"ஆள் சேதம்?"

"நான் ஒருத்தன்தான் சேர்."

குறித்துக்கொண்டார். "'உன் காலடியில் என் இதயம் தேயிலைத் தூளாய்க் கிடக்கிறது.' பீ.ஓ.பி. ரகமா, டஸ்ட் ரகமா?"

"டஸ்ட் சேர்."

"அப்படின்னா நல்லாத்தான் நொறுங்கியிருக்கு. எல்லாம் திருப்தி. பகுதி ஆவைக் காணோமே?"

வினோஜனின் முகம் வெளுத்துப்போனது. அந்த வெளுப்போடு கீழே இறங்கிப் போனவரை பைஸர் நானா பிடித்துக்கொண்டார். நானும் அந்த நேரத்தில் தாள் வாங்கக் கீழே போயிருந்தேன்.

"அந்தப் புள்ளக்கிட்ட என்ன கேட்டீங்க, அது என்ன சொல்லிச்சு?" என்றார் நானா.

"ஒண்ணும் கேக்கல நானா."

"அப்ப மறுத்தது?"

"கேட்டிருந்தா மறுத்திருப்பாங்கன்னு ஒரு உணர்வு நானா."

"அந்த உணர்வையா நான் எண்பத்தாறு பக்கத்துக்கு அச்சடிச்சேன்?"

அந்தப் பெண்ணை எனக்கும் தெரியும். பெயர் பிரேமினி. கொட்டகலைக்கு அப்பால் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், அம்மாமார் கொழுந்து பறிக்கப் போன பிறகு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பாளர். ஹட்டனிலிருந்து ஏழு பத்து பஸ்ஸில் வருவார். நானும் வினோஜனும் அதே பஸ்தான். பிரேமினி முன்னால் ஜன்னலோரம். வினோஜன் இரண்டு சீட் பின்னால். இரண்டு வருடமாக இந்த ஏற்பாட்டில் மாற்றமில்லை.

மறுநாள் காலை ஹட்டன் பஸ் தரிப்பில், மழையில், வினோஜன் படிவத்தோடு பிரேமினி முன்னால் போய் நின்றார். நான் ஒதுங்கி நின்று ஒரு பல் வைத்தியரின் விளம்பரப் பலகையை வாசித்துக்கொண்டிருந்தேன். சின்ன எழுத்துப் பலகை. நேரம் எடுத்தது.

"மிஸ், ஒரு ஒப்பம் வேணும்."

"எதுக்குங்க?"

"நீங்க என்னை மறுத்ததுக்கு."

பிரேமினி குடையைச் சரித்துப் பார்த்தார். "நான் எப்பங்க மறுத்தேன்?"

"நாப்பத்தோராம் பக்கத்துல மிஸ்."

"நீங்க எங்கிட்டப் பேசினதே இல்லீங்களே. ஒருக்கா ஜன்னல மூடச் சொன்னீங்க. மூடினேன்."

"அந்த ஜன்னலப் பத்தித்தான் பன்னெண்டு கவிதை மிஸ்."

பிரேமினி சிரிக்கவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டார்.

"சரி, இப்பக் கேக்குறேன் மிஸ். நீங்க மறுத்துருங்க. பஸ் வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றார் வினோஜன்.

"கேளுங்க."

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைப் பதிவுசெய்ய வேண்டும். எண்பத்தாறு பக்கம் புலம்பிய அந்தக் கவிஞருக்கு வாய் ஒட்டிக்கொண்டது. காது சிவந்தது. "எனக்கு... உங்களப் புடிக்கும் மிஸ்" என்றார். அவ்வளவுதான். நிலா வரவில்லை.

பிரேமினி படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் நிதானமாக வாசித்தார். "நாளைக்குச் சொல்றேன்" என்று பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் அவரே வினோஜனைத் தேடி வந்தார். "சரிங்க."

"மறுக்கச் சரிங்களா மிஸ்?"

"இல்லீங்க. நீங்க கேட்டதுக்குச் சரி."

அதன் பிறகு நாலு நாள் வினோஜன் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். தாடியை எடுத்துவிட்டார். நீல நிறச் சட்டை ஒன்று அவரிடம் இருப்பதை அப்போதுதான் கண்டோம். பிள்ளைக் காம்பராவில் ஒரு குழந்தை தும்முகிற மாதிரி பிரேமினி தும்மிக் காட்ட, அவர் விழுந்து விழுந்து சிரித்ததை பஸ்ஸே பார்த்தது. ஒரு வரிகூட எழுதவில்லை.

பேஸ்புக்கில் பதற்றம் உண்டானது. "அண்ணா, எப்ப அழுவீங்க?" என்று கேட்டார்கள். கண்ணீர்க்கவி பேரவையின் பொகவந்தலாவைக் கிளை அவசரக் கூட்டம் போட்டு, தலைவர் விரைவில் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. பைஸர் நானா விருதுக்கு அடித்துவைத்த பேனரைச் சுருட்டவா விரிக்கவா என்று தினமும் கேட்டார்.

வினோஜன் மேலே வந்தார். "சேர், அவங்க சம்மதிச்சிட்டாங்க. விருதுக்கு என்ன செய்யலாம்?"

"சம்மதம் எங்க பணியகத்துக்கு உரிய விஷயம் இல்ல. அதுக்கு விவாகப் பதிவாளர் இருக்காரு."

"கவிதை அதே கவிதைதானே சேர்?"

"கவிதையில குறை சொல்லல. துயரத்துலதான் குறைபாடு. சந்தோஷத்துக்கு இந்த வருஷம் விருது இல்ல தம்பி. வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசி நேரம்."

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு வினோஜன் பிரேமினியையும் கூட்டிக்கொண்டு படியேறினார். கறுப்புச் சட்டையில் வந்திருந்தார்.

"ஒரு ஒப்பம்தானே மிஸ். சும்மா பேப்பர்லதான்."

பிரேமினி சிவசாமி சேரிடம் கேட்டார். "நான் மறுத்து எழுதிக் குடுத்தா, பெறகு இவரு திரும்பக் கேக்கலாமா சேர்?"

சேர் சுற்றறிக்கையை விரித்தார். "விழா முடிஞ்ச நேரத்துலேருந்து மூணு வருஷத்துக்கு மறுப்பு அமுல்ல இருக்கும். அதுக்குள்ள ரெண்டு பேரும் சேர்ந்தா விருது திரும்பப் பெறப்படும்."

"விழா முடியிறதுக்கு முன்னால கேட்டா?"

"மறுப்பு ரத்து. விருதும் ரத்து. ஆனா அப்படி யாரும்மா கேப்பாங்க?"

பிரேமினி திரும்பி வினோஜனைப் பார்த்தார். "நான் என்னாங்க செய்யட்டும்?"

வினோஜன் கூரையைப் பார்த்தார். பிறகு வாளியைப் பார்த்தார். "மூணு வருஷம் சட்டுனு ஓடிரும் மிஸ்" என்றார்.

பிரேமினி பேனாவை எடுத்தார். கொஞ்ச நேரம் எழுதினார். எழுதி முடித்து மூடியைப் போட்டு, பேனாவை என் மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். வினோஜன் வாசிக்காமல் தன் பங்குக்கு ஒப்பமிட்டார். சிவசாமி சேர் வாசிக்காமல், ஆனால் கோணாமல், சீல் குத்தினார். நான் வாசிக்காமல் கோப்பில் சேர்த்தேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. குறித்த காலத்துக்குள் ஒரு வேலை முடிந்தது எங்கள் பணியகத்தில் அதுவே முதல் தடவை.

அடுத்த சனிக்கிழமை பிற்பகல் மண்டபம் நிறைந்துவிட்டது. எட்டு நாள் தாடியோடு வினோஜன் மேடையேறி ஜன்னல் கவிதையை வாசித்தார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பிரதம விருந்தினர் கைக்குட்டையை எடுத்தார். பொன்னாடை போர்த்தப்பட்டது.

அடுத்ததாக, வெளிப்படைத்தன்மையின் பொருட்டு, பகுதி ஆவைச் சபையில் வாசிக்க வேண்டும். ஆள் அடையாளத்துக்காக மறுத்தவர் எழுந்து நிற்க வேண்டும். மைக்கில் நான்.

"மறுத்தவர் பெயர், பிரேமினி."

மூன்றாவது வரிசையில் பச்சைச் சேலையில் எழுந்து நின்றார்.

"மறுத்ததற்கான காரணம். அவர் கேட்டார். நான் சரி என்றேன். அது அவருக்குத் தோதுப்படவில்லை."

பின்வரிசையில் யாரோ களுக் என்றார்கள். அடுத்த நொடி மண்டபம் முழுவதும் வெடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் அதே முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். பிரதம விருந்தினர் தொடையில் தட்டிச் சிரித்தார். நான் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தேன். மேலே வாசிக்க முடியவில்லை. வினோஜன் முதலில் விழித்தார். பிறகு, பொன்னாடை போர்த்தப்பட்டவர் முகத்தைத் தூக்கிவைத்திருப்பது அழகில்லை என்பதால், அவரும் சிரித்தார்.

பிரேமினி நின்றுகொண்டே இருந்தார். உட்காரும்படி யாரும் சொல்லவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டு நின்றார். நன்றியுரை முடிந்து எல்லாரும் எழுந்த பிறகுதான், அவர் நின்றது தனியாகத் தெரியாமல் போனது. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

திங்கட்கிழமை ஏழு பத்து பஸ்ஸில் அவருக்குப் பக்கத்து சீட் காலியாக இருந்தது. நான் உட்கார்ந்தேன். வினோஜன் இரண்டு சீட் பின்னால்.

"நல்லா வாசிச்சீங்கண்ணே. கடைசி வரிய மட்டும் விட்டுட்டீங்க" என்றார் பிரேமினி.

"இன்னொரு வரி இருந்துச்சா தங்கச்சி?"

"சீல் விழுந்த எடத்துல."

அலுவலகத்துக்குப் போன உடனே படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஊதா மைக்கு அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. 'விழா முடிவதற்குள் மறுபடி கேட்டால், இப்போதும் சரிதான்.'

சிவசாமி சேரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அவர் உத்தியோகத்தராக இல்லை.

"விழா எத்தனை மணிக்கு முடிஞ்சது?"

"நாலு பத்து சேர்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அப்ப காலாவதி. கோப்பைக் கட்டுங்க. வெளியில பேச வேணாம். போட்டோ எல்லாம் பேப்பருக்குப் போயிருச்சு."

அன்று மத்தியானம் வினோஜன் மேலே வந்தார். தாடி உண்மையாகவே தாறுமாறாக இருந்தது. "அண்ணே, இப்ப நெசமாவே வலிக்குது. முந்தி எல்லாம் வலிக்காமலே பக்கம் பக்கமா வந்துச்சு. இப்ப ஒரு வரி வரமாட்டேங்குது. அவங்க அன்னைக்கு ஏண்ணே அப்படி நின்னுக்கிட்டே இருந்தாங்க?"

கோப்பு என் முழங்கைக்கு அடியில்தான் இருந்தது. விதிப்படி நடந்துகொண்டேன். "நிலாவ வச்சு ஆரம்பிச்சுப் பாருங்க தம்பி" என்றேன்.

அடுத்த வருடத்துக்கான சுற்றறிக்கை போன வாரம் தயாரானது. பொதுமக்கள் காட்டிய பெருமகிழ்ச்சியைக் கருத்திற்கொண்டு, மறுத்ததற்கான காரணம் இனிமேல் நகைச்சுவையாக எழுதப்படுதல் வேண்டும். மூன்று வரிக்கு மேற்படுதல் ஆகாது. நான்தான் தட்டச்சு செய்தேன். இதுவரை நாற்பத்து மூன்று விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன. எல்லாப் பெண்களும் மூன்று வரியோடு நிறுத்தியிருக்கிறார்கள். சீல் விழுவதற்கு முன்னால் ஒன்று விடாமல் வாசித்தேன்.

நல்ல சிரிப்பு.