பார்க்காமல் சொன்ன ‘பூட்டியாச்சு’

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது.

நீ எனக்குத் துரோகம் செய்திருக்கிறாய். முதலில் அதை எழுதிவிடுகிறேன். நலமா என்று விசாரிப்பதெல்லாம் பிறகு, தாளில் இடம் இருந்தால்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் “சரிண்ணே, சரிண்ணே” என்று நாலு தடவை சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ பொங்குகிறது என்று வைத்துவிடுவாய். உன் மகள் வேறு ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள். எழுதி அனுப்பினால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகளிடம் ஒரு சின்னச் சந்தேகம் கேட்டேன். “ராத்திரி படுத்துக்கிட்டு வாசக்கதவு பூட்டியாச்சான்னு நான் கேட்பேனே, அப்ப உங்கம்மா எத்தனை தடவை இழுத்துப் பார்ப்பா?” அவ்வளவுதான் கேட்டேன். அவள் சிரித்தாள். “அம்மா எங்க மாமா போய்ப் பார்த்தாங்க? போர்வைக்குள்ள இருந்துக்கிட்டேதான் சொல்லுவாங்க. நான் சின்னப் பிள்ளையில இருந்து பக்கத்துலதானே படுத்திருந்தேன்.” நீ போனைப் பிடுங்கி, “அவ சும்மா சொல்றாண்ணே, நம்பாதீங்க” என்றாய். அந்தக் குரலைக் கேட்டதுமே எனக்கு உறுதியாகிவிட்டது. ‘பூட்டியாச்சு’ என்று சொல்லும் அதே குரல்.

உன் வீட்டுக்காரர் தவறிய பிறகு நீ கைக்குழந்தையோடு இங்கே வந்ததிலிருந்து, இருபது வருஷத்துக்கு மேலாக, பூட்டுகிறவன் நான். பூட்டிவிட்டுப் படுப்பேன், படுத்ததும் சந்தேகம் வரும், கேட்பேன், நீ சொல்வாய், நான் தூங்குவேன். ஒரு நாள்கூட நீ எழுந்து போய்ப் பார்த்ததில்லை என்றால், அத்தனை வருஷமும் நான் எதை நம்பித் தூங்கினேன்? திருடன் வரவில்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்காதே. திருடனுக்கு விஷயம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நீ மகள் வீட்டுக்குப் போனதைக் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆனால் போகிறவள் பொறுப்பை ஒப்படைத்துவிட்டல்லவா போக வேண்டும். எங்கள் கிடங்கில் ஷிஃப்ட் முடிந்து போகிறவன் வருகிறவனிடம் நாலு வார்த்தை சொல்லாமல் போகமாட்டான். நீ ஊறுகாய் ஜாடி எங்கே இருக்கிறது, மாத்திரை எங்கே இருக்கிறது என்றெல்லாம் சொன்னாய். இனிமேல் யார் பதில் சொல்வது என்று சொல்லவில்லை.

நீ போன மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, படியிறங்கி, வழக்கம் போல் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, “அடுப்பு அணைச்சாச்சா?” என்று கேட்டுவிட்டேன். ஜன்னலில் யாருமில்லை. கீழ்த்தளத்துத் தையல்காரர் வாயில் குண்டூசியோடு வெளியே வந்து, “என்ன சார்?” என்றார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்ப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. இறங்கினேன். பாதி வழியில், அணைந்திருந்ததைப் பார்த்தேனா, அணைந்திருக்கும் என்று நினைத்தேனா என்று குழப்பம். மறுபடி ஏறினேன். இப்படி ஒரு வாரம். கடைசியில் தையல்காரருக்கே பொறுக்கவில்லை. நான் படியிறங்கும் சத்தம் கேட்டாலே, தையல் மெஷினை நிறுத்தாமல், “அணைச்சாச்சு சார், போங்க” என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறவரை எப்படி நம்புவது? நீயாவது நான் கேட்ட பிறகு சொல்வாய்.

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். அடுப்பைத் திருகுகிற கறுப்புக் குமிழ் இரண்டையும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். குமிழ் என்னிடம் இருந்தால் அடுப்பு எப்படி எரியும்? பஸ்ஸில் சந்தேகம் வந்தால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். நிம்மதியாக இருந்தது. ஐந்தாம் நாள் ஒரு குமிழைக் காணோம்.

மருந்துக் கிடங்கில் குளிர் அறைக்கு நான் பொறுப்பு. உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் மாப்பிள்ளையும் இதைப் படிப்பார். எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இயந்திரத்தோடு வந்த புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்து நானே கற்றேன். அந்தக் கதவை மூடினால் இழுத்துப் பார்ப்பேன். நகர்ந்து போய்த் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பேன். அதனால்தான் அங்கே எனக்கு ‘இழுவை’ என்று பெயர். என் பேச்சை வைத்து வந்த பெயர் அது என்று மாப்பிள்ளை சொன்னாராம். அது தவறு. என் காலத்தில் கதவு சரியாக மூடாமல் ஒரு குப்பி மருந்து கெட்டதில்லை. சொல்லப்போனால் என் பதட்டத்துக்குத்தான் அங்கே சம்பளமே கொடுக்கிறார்கள்.

காணாமல் போன குமிழ், குனிந்தபோது விழுந்து, ஒரு பெட்டிக்குள் மருந்தோடு மருந்தாக வெளியே போய்விட்டது. மறுநாள் ஒரு மருந்துக் கடைக்காரர் போன் செய்து, பெட்டியில் கறுப்பாக ஒன்று இருக்கிறது, இது எந்த நோய்க்கு, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டிருக்கிறார். மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நம் வீட்டுப் பிள்ளைகள் வயதுதான் அவருக்கு.

“சார், குளிர் அறைக் கதவை எத்தனை தடவை வேணும்னாலும் இழுத்துப் பாருங்க. வீட்டு அடுப்பை எதுக்கு சார் இங்க கொண்டு வர்றீங்க?”

“அடுப்பைக் கொண்டு வரல தம்பி. குமிழை மட்டும்தான்.”

அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். எல்லோருக்கும் பதட்டத்தைக் கையாள ஒரு வகுப்பு நடக்கப்போகிறது, அதற்குப் போங்கள் என்றார். “அது முடியறதுக்குள்ள சரியாகலைன்னா சாவியைக் கொடுத்துட்டு வீட்டுல நிம்மதியா இருங்க சார்.” வீட்டில் நிம்மதியாக இருப்பதாம். அவர் என் வீட்டுக்கு வந்ததில்லை.

வகுப்பு மாடியில். நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சொல்லித்தர வந்தது ஒரு சின்னப் பெண். கண்ணை மூடச் சொன்னாள், மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொன்னாள். அதுவரை சரி. பிறகு, உங்களுக்கு ரொம்பப் பாதுகாப்பான ஒரு இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நான் குளிர் அறையை நினைத்தேன். நினைத்ததும் கதவு மூடியிருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வந்தபோது எல்லோரும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரி ஓட்டுநர், “இழுவை சார் நிம்மதியையும் பூட்டி வெச்சிருக்காருப்பா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காகவே அடுத்த வகுப்புக்கும் போனேன்.

அவள் ஒரு பயிற்சி கொடுத்தாள். வீட்டைப் பூட்டும்போது “நான் பூட்டினேன்” என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு நடக்க வேண்டும். திரும்பிப் போகக் கூடாது. ஒரு முழு நாள் சோதிக்காமல் இருந்துவிட்டால் முக்கால் கிணறு தாண்டிவிட்டேன் என்று மேலாளரிடம் அவளே சொல்வாளாம். மறுநாள் காலையில் நடையில் நின்று, “நான் பூட்டினேன்” என்றேன். எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து, “என்கிட்ட ஏன் சார் சொல்றீங்க?” என்றார்கள். உங்களிடம் சொல்லவில்லை என்றேன். “பின்ன யார்கிட்ட?” என்று அந்த அம்மா நடையை இரண்டு பக்கமும் பார்த்தார்கள். நான் படியிறங்கிவிட்டேன். பஸ் நிறுத்தத்துக்குப் போனதும்தான், வீட்டில் ஆள் இல்லை என்பதைக் கட்டடம் முழுக்கக் கேட்கும்படி அறிவித்துவிட்டு வந்திருக்கிறேன் என்று உறைத்தது. திரும்பிப் போனேன்.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: “நான் சொன்னா நான் நம்பறது கஷ்டம்மா. இந்த ஆளைப் பல வருஷமா எனக்குத் தெரியும்.” அது வேடிக்கையில்லை. யோசித்துப் பார். ‘பூட்டினேன்’ என்றால் அதில் நான் வந்துவிடுகிறேன். நான் வந்தால் என் மறதியும் கூடவே வருகிறது. ‘பூட்டியாச்சு’ என்றால் அதில் ஆளே இல்லை. யார் பூட்டியது, எப்போது பூட்டியது, ஒன்றும் கிடையாது. காரியம் முடிந்தது, படு என்கிறது. ஆனால் அதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள முடியவில்லை. சொல்லிப் பார்த்துவிட்டேன். படுக்கையில் கிடந்து நானே “பூட்டியாச்சா?” என்று கேட்டு நானே “பூட்டியாச்சு” என்றேன். பக்கத்து அறையில் யாராவது கேட்டிருந்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். பக்கத்து அறையில் யாரும் இல்லை.

இதற்கு முன்னால் யார் பதில் சொல்வார்கள் என்று அவள் கேட்டாள். என் தங்கை என்றேன். “அவங்க ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்துட்டுத்தான் சொல்வாங்களா?” என்றாள். அதில் என்ன சந்தேகம் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சொன்ன பிறகு சந்தேகம் வந்துவிட்டது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். இப்போது உனக்குப் புரிந்திருக்கும், என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய் என்று. அடுத்த வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண் இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். பிறகு, “அப்ப உங்களுக்கு வேண்டியிருந்தது பூட்டு இல்ல சார்” என்றாள். வேறென்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். சாயங்காலம் வேலை முடிந்து வந்து இந்தக் கதவை வெளியிலிருந்து திறக்க எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷமும் நான் வரும்போது கதவு திறந்துதான் இருக்கும், நீ உள்ளே எதையாவது உருட்டிக்கொண்டிருப்பாய். சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன். முதல் முறை எப்போதும் தப்பாகத்தான் திருப்புகிறேன். காலையில் அவ்வளவு கவலைப்பட்டேனே, பூட்டியேதான் இருக்கிறது, ஒரு தடவைகூடத் திறந்திருந்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். வரவில்லை.

கடைசி வகுப்பு அடுத்த வாரம். குளிர் அறைச் சாவி என்னிடம் இருக்குமா இருக்காதா என்பது அதில் தெரிந்துவிடும். ஆகவே செய்ய வேண்டியதையும் யார் செய்ய வேண்டும் என்பதையும் எழுதுகிறேன், இதில் பேரம் கிடையாது. உன் மகள் ராத்திரி உன் போனைக் குழந்தையிடம் விளையாடக் கொடுக்கக் கூடாது. மாப்பிள்ளை அந்த நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டும், என் பெயருக்குத் தவறான விளக்கம் கொடுப்பதையும் அதோடு நிறுத்த வேண்டும். தையல்காரர் நான் கேட்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. அதை நானே அவரிடம் பேசிக்கொள்கிறேன். நான் செய்ய வேண்டியது, பூட்டுவது, படுப்பது, உனக்குப் போன் செய்து ஒரு தடவை, ஒரே தடவை, கேட்பது. நீ செய்ய வேண்டியது, “பூட்டியாச்சு” என்று சொல்வது. அங்கிருந்து உன்னால் பார்க்க முடியாது என்று எனக்குத் தெரியும். இங்கே இருந்தபோது மட்டும் என்ன பார்த்துக் கிழித்தாய். போர்வைக்குள் இருந்தே சொல். ஆனால் நீதான் சொல்ல வேண்டும்.

குழந்தைக்கு என் முத்தங்கள். எல்லோரும் நோய் நொடி இல்லாமல், கதவுகள் சரியாக மூடி, நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
ஏமாற்றப்பட்ட உன் அண்ணன்

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது எதிர்வீட்டு அம்மா வந்தார்கள். தட்டிவிட்டு வந்தார்கள் என்று எழுத முடியாது, தட்டுவதற்குக் கதவு மூடியிருக்கவில்லை. விடுமுறை நாள் என்று காலையில் பால் வாங்கி வந்ததிலிருந்து விரியத் திறந்து கிடக்கிறது. சாவி வெளிப்பக்கம் பூட்டிலேயே தொங்குகிறது. அடுப்பும் எரிந்துகொண்டுதான் இருந்தது, பால் எப்போதோ வற்றிப் பாத்திரம் கறுத்துவிட்டது. தீயும் வாசனை எதிர்வீடுவரை போயிருக்கிறது, எனக்கு வரவில்லை. அந்த அம்மா ஓடிப்போய் அணைத்துவிட்டு, “காலையில இருந்து யார்கிட்ட சார் பேசிட்டிருக்கீங்க? இங்க வரைக்கும் கேட்குது” என்றார்கள். எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன் போலிருக்கிறது. தங்கச்சிகிட்ட என்றேன். அந்த அம்மா முகம் மலர்ந்து உள்ளே எட்டிப் பார்த்து, “வந்துட்டாங்களா?” என்றார்கள்.

ஒரு முழு நாள் நான் எதையும் சோதிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் இதைத் தேர்ச்சி என்று சொல்வதா, வேண்டாமா என்று தெரியவில்லை. துரோகம் என்று எழுதியதை அடித்துவிடு. மாப்பிள்ளை டிவி பார்க்கட்டும், குழந்தை போனை வைத்துக்கொள்ளட்டும். நலமா என்று கேட்க இப்போதுதான் இடம் கிடைத்தது, ஓரத்தில் எழுதியிருக்கிறேன், தாளைத் திருப்பிப் பார். இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு போன் செய்து “படிச்சாச்சு” என்று மட்டும் சொல். படித்தாயா என்று நான் கேட்க மாட்டேன்.