மாஸ்டர் பிளான் எழுந்து போகவில்லை

பினாங்குத் தீவில் வில்லன்களுக்காக மனம் நொந்த ஒரே மனிதர் மாஸ்டர் பிளான்தான். தியேட்டரில் கதாநாயகன் அடிபட்டால் ஊரே உச்சுக் கொட்டும். இவர் மட்டும் வில்லன் பிடிபடும்போது நெற்றியில் அடித்துக்கொள்வார். "அஞ்சு வருஷமா பிளான் போட்டவன்லா இவன்! ஒரே ஒரு ஜன்னலைச் சாத்த மறந்துட்டானாம். நம்புற மாதிரியா இருக்கு?" என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் நியாயம் கேட்பார். பக்கத்து சீட்டுக்காரர் பெரும்பாலும் நான்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிர் வாழ்ந்தது. ஜார்ஜ்டவுன் பீச் ஸ்திரீட்டுக்குப் பின்புறம் இருந்த எங்கள் கப்பல் சரக்கு ஏஜென்சியில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர் பிளான். எந்தப் பெட்டி எந்தக் கப்பலில் ஏறும், எந்த லோரி எத்தனை மணிக்கு வரும், மழை வந்தால் எந்தச் சாலை அடைபடும், எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. தலைக்குள் வேறு எதற்கும் இடமில்லை. லோரி ஓட்டுநர்களை லோரி நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார். "நாலு ஆறு ரெண்டு ஏழு வந்தாச்சா?" என்றால் ஓர் ஆள் சிகரெட்டை அணைத்துவிட்டு எழுந்து வருவார்.

சினிமா விஷயத்தில் அவருக்கு இரண்டு குறைகள். ஒன்று, நல்லவனுக்கு ஏன் மூளை வைக்க மாட்டேன் என்கிறார்கள்?

"கெட்டவன்தான் புத்தகம் படிக்கிறான். கெட்டவன்தான் செஸ் ஆடுறான், மூக்குக்கண்ணாடி போடுறான், மேப்பை விரிச்சு வச்சு யோசிக்கிறான். ஹீரோ? லேட்டா வர்றான், சட்டைக் கையை மடிக்கிறான், அடிக்கிறான். யோசிக்கிறவனைப் பார்த்தா பயப்படணும்னு நம்ம பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாங்க தம்பி."

இரண்டாவது குறை இன்னும் பெரிது. வில்லனுக்குக் கொடுத்த மூளையைக் கடைசிப் பத்து நிமிடத்தில் பிடுங்கிவிடுகிறார்கள். "ஹீரோவைக் கட்டிப்போடுறான். போட்ட பிளானை ஒண்ணு விடாம அவன்கிட்டயே ஒப்பிக்கிறான். அப்புறம் அவனைத் தனியா விட்டுட்டு வெளிய போறான். எங்க போறான்? டாய்லெட்டுக்கா?"

ஒரு படத்தில் கடத்தல்காரன் பிரம்மாண்டமான சரக்குக் கப்பலுக்காகச் சின்னப் படகுத்துறை ஒன்றில் காத்திருந்தான். மாஸ்டர் பிளான் எழுந்தே நின்றுவிட்டார். "டேய், அந்த சைஸ் கப்பல் அங்க வராதுடா! பட்டர்வொர்த் மாதிரி போர்ட்டுக்குப் போடா!" டார்ச் லைட்டோடு ஆள் வந்தார். கடத்தல்காரன் கதி என்ன ஆயிற்று என்று எங்கள் இருவருக்கும் இன்றுவரை தெரியாது.

நூலகத்திலிருந்து எடுத்துவரும் துப்பறியும் நாவல்களின் ஓரத்தில் பென்சிலால் வில்லனுக்கு யோசனை எழுதிவைப்பார். "இங்கே கையுறை போடவும்." "வேலைக்காரியை முதலில் லீவில் அனுப்பவும்." "விஷம் வேண்டாம், வாங்கிய பில் காட்டிக்கொடுக்கும்." ஒருநாள் நூலகத்துப் பெண் அந்தப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, "அங்கிள், வீட்ல எல்லாரும் சௌக்கியமா இருக்காங்களா?" என்று மிக மெதுவாகக் கேட்டாராம். அதிலிருந்து சொந்தப் புத்தகங்களில் மட்டும் எழுதினார்.

இந்த மனிதருக்குப் போய் வில்லன் வேஷம் கொடுத்தார் செல்வி அக்கா.

செல்வி அக்கா எங்கள் அலுவலகத்தில் கப்பல் பத்திரங்களைக் கவனிப்பவர். அந்த வருட தீபாவளி விருந்துக்கு அவரே ஒரு நாடகம் எழுதினார். அன்று எனக்குத் தலைமுடி இருந்ததால் நான் கதாநாயகன். மாஸ்டர் பிளானிடம் கோட்டு இருந்ததால் அவர் வில்லன். லோரி ஓட்டுநர் ஆ செங்குக்குக் கதவு அகலத்துக்குத் தோள் இருந்ததால் அவர் அடியாள். ஆ செங் சீனர். பத்து வருடம் எங்களோடு டீ குடித்ததில் தமிழ் ஓரளவு கைவந்திருந்தது.

கதை இதுதான்: வில்லன் என்னை நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்டு, திட்டத்தை விளக்கிவிட்டு, அடியாளோடு வெளியே போவான். நான் சட்டைப் பையில் உள்ள பிளேடை எடுத்துக் கயிற்றை அறுப்பேன். ஒத்திகையில் ஒருநாளாவது சண்டை இல்லாமல் போனதில்லை.

"அண்ணே, எழுதினதைச் செய்ங்கலா. நீங்க வெளிய போனாத்தான் அவன் கயிறை அறுக்க முடியும்."

"நான் ஏம்மா போறேன்?"

"நான் போகச் சொல்றேன், அதனால போறீங்க."

"அது உத்தரவும்மா. காரணம் இல்ல."

எனக்கு வேறு கவலை. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து மோகனாவும் அவள் அப்பாவும் நாடகம் பார்க்க வருவதாக இருந்தது. எனக்கும் மோகனாவுக்கும் பிடித்துப்போய் ஒரு வருடம் ஆகியும் கல்யாணப் பேச்சு நகரவில்லை. அவள் அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். "பையன் நல்லவன்தான். ஆனா கொஞ்சம் மந்தமோன்னு ஒரு யோசனை" என்று சொல்லியிருந்தார். அலுவலகத்தில் அது எல்லாருக்கும் தெரியும்.

ஞாயிறு மதியம். மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு, விடைத்தாள் திருத்தும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆ செங் என்னை நாற்காலியில் கட்டினார். நிஜமாகவே கட்டினார், லோரியில் சரக்குக் கட்டுகிற கை அது. மாஸ்டர் பிளான் கோட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டு அருகில் வந்தார். திட்டத்தை விளக்கவேண்டிய இடம். அவர் விளக்கவில்லை. குனிந்து என் சட்டைப் பையில் கையை விட்டு பிளேடை எடுத்தார். கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். பிறகு எனக்கெதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது.

"போங்கண்ணே!" என்று திரைக்குப் பின்னாலிருந்து செல்வி அக்கா சீறினார்.

"போனா இவன் தப்பிச்சிருவான்" என்றார் மாஸ்டர் பிளான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அடுத்த ஒரு நிமிடம் என் வாழ்க்கையின் மிக நீளமான நிமிடம். எனக்கு வசனம் இல்லை. பிளேடும் இல்லை. வாத்தியாரின் தலை மெல்ல மேலும் கீழும் ஆடியது, தான் நினைத்தது சரிதான் என்பதுபோல. மோகனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் என் தோளுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. ஆ செங்கின் வயிறு.

"அண்ணே," என்றேன் அவரைத் திரும்பிப் பார்த்து, "பசியாறியாச்சா?"

ஆ செங் நாடகத்தை மறந்துவிட்டார். "எங்கேலா? காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலே! லோரி விட்டு நேரா இங்கே வந்து நிக்குது!"

"உங்க பாஸ் ஒரு வாய் தே தண்ணி வாங்கிக் கொடுத்தாரா?"

"இல்லே!"

"எத்தனை வருஷமா அவருக்கு வேலை செய்றீங்க?"

"பத்து!"

"உங்க பேரு அவருக்குத் தெரியுமா? கேட்டுப் பாருங்க."

ஆ செங் நிதானமாகத் திரும்பி மாஸ்டர் பிளானைப் பார்த்தார். மாஸ்டர் பிளான் வாயைத் திறந்தார். "நாலு... ஆறு... ரெண்டு..." என்றார்.

அது ஆ செங்கின் லோரி நம்பர் என்று அலுவலக ஆட்களுக்குத் தெரியும். அவர்கள் பக்கமிருந்து எழுந்த கூச்சலில் மின்விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்தக் கூச்சலுக்கு நடுவே ஆ செங் இரண்டே இழுப்பில் என் கட்டை அவிழ்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றார்.

செல்வி அக்கா எழுதியபடி அடுத்தது சண்டைக் காட்சி. அது நடக்கவில்லை. மாஸ்டர் பிளான் எழுந்து, "இந்த ஓட்டையை நான் பார்க்கலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினார். அது நடிப்பில்லை என்பது மேடையில் நின்ற எங்களுக்குத் தெரிந்தது.

திரை விழுந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் எத்தனையோ படம் பார்த்திருக்கேன். இப்படி யோசிச்ச ஹீரோவைப் பார்த்ததே இல்ல! அது சரி, முன்னால யாரு அந்தப் பெரியவர், முறைச்சுக்கிட்டே இருந்தாரு?"

சொன்னேன். மனிதரின் முகம் வெளுத்துவிட்டது. அலுவலகத்தில் டீ கொண்டுவரும் அக்காவுக்குக்கூடத் தெரிந்த விஷயம் அவருக்கு மட்டும் தெரிந்திருக்கவில்லை. "ஐயோ, சொல்லியிருக்கக் கூடாதா? நான் எழுந்து போயிருப்பேனே!" என்றவர், கோட்டோடு அப்படியே இறங்கி ஓடி வாத்தியார் முன்னால் நின்றார். "ஐயா, தப்பு என் மேலதான். நான் போக வேண்டிய இடத்துல போகல. பையனைத் தப்பா நினைச்சிறாதீங்க."

வாத்தியார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எழுந்து போயிருந்தீங்கன்னா, நானும் என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு எழுந்து போயிருப்பேன்" என்றார்.

மூன்றாம் மாதம் எங்கள் கல்யாணம் நடந்தது.

நாடகத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை காலையிலேயே மாஸ்டர் பிளான் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு புதுத் தாள் இருந்தது. லோரி நம்பர்களுக்கு எதிரே பெயர்கள். பெயருக்கு எதிரே மனைவி, பிள்ளைகள், யாருக்கு இனிப்பு நீர் வியாதி, யாருக்குக் காரம் ஆகாது. நாளுக்கு இரண்டு பேர் வீதம் விசாரித்து முடிப்பதாகத் திட்டம். "ஆ செங், பசியாறியாச்சா?" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் கேட்பார். பாவம், முதல் வாரம் ஆ செங் பயந்துபோய், வேலையை விட்டுத் தூக்கப்போகிறார்களோ என்று செல்வி அக்காவிடம் கேட்டார்.

இப்போது ஓய்வுபெற்று ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். மகள் சிங்கப்பூரில். போன வருடம் வந்த பக்கவாதத்தில் வலது கை சரியாக மடங்குவதில்லை. சனிக்கிழமை காலையில் நான் ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டு போவேன். இரண்டு பேரும் டிவியில் படம் பார்ப்போம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, "நிறுத்து, நிறுத்து, இவன் இப்ப என்ன செஞ்சிருக்கணும் தெரியுமா?" என்பார். வார்த்தைகள் முன்பு போல் வேகமாக வருவதில்லை. ஒரு யோசனையைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். இரண்டு மணி நேரப் படம் எங்களுக்கு மாலைவரை போகிறது.

ரிமோட் என் கையில்தான் இருக்கும். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் அதை மறுபடி அழுத்துவதில்லை.