எழுதலாம், நம்பக் கூடாது

உலகத்தில் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், நம்பாதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு பேரோடும் சண்டை போடலாம், போட்டுவிட்டு டீயும் குடிக்கலாம். எனக்கு அவர்களைப் பற்றி ஒரு புகாரும் கிடையாது. நான் இன்று உங்களுக்குக் காட்டப் போவது மூன்றாவது இனம். இதன் பெயர் எழுதலாம்-நம்பக்கூடாது இனம். காவிரித் தண்ணீர் பாய்கிற இடமெல்லாம் இது நன்றாக விளைகிறது. பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்குள் இன்னும் செழிப்பாக விளைகிறது.

நான் உரக்கடைக்காரன். திருவிடைமருதூருக்குக் கிழக்கே மெயின் ரோட்டில் கடை. ஊரில் ஒரு தர்ம ஸ்தாபனம் நடத்துகிற பள்ளிக்கூடம் இருக்கிறது, என் பெண் அதில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள், அந்தப் பாவத்துக்கு என்னைப் பெற்றோர் பிரதிநிதியாகவும் போட்டுவிட்டார்கள். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். எனக்கு அதே ஊரில் கடை நடத்தியாக வேண்டும். தாளாளர் பெயர் மட்டும் உலகநாதன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உலகநாதனை முட்டாள் என்று நினைத்தால் நீங்கள்தான் முட்டாள். நாற்பது ஏக்கர் நெல் போடுகிற மனிதர். விதை நெல்லுக்கு வயலில் இறங்கி, கதிர் கதிராகத் தடவிப் பார்த்து, நல்ல கதிரைத் தனியாக எடுத்து, கலப்பு என்று தோன்றியதைப் பிடுங்கி வரப்பில் போட்டுவிட்டுத்தான் கரையேறுவார். மாட்டுக்குச் சினை ஊசி போடுவதென்றால் ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரி வரைக்கும் போய், எந்தக் காளை, அதன் தாய் எத்தனை லிட்டர் கறந்தது, பாட்டி எத்தனை லிட்டர் கறந்தது என்று பெண் பார்க்கப் போனவர் மாதிரி விசாரிப்பார். தாயைப் போலக் கன்று வரும், ஆனால் அச்சாக அப்படியே வராது, கொஞ்சம் மாறும், மாறினதில் நல்லதை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. மாட்டுத் தொழுவத்தில் நின்று இதைச் சொன்னால் தலையாட்டுவார். பள்ளிக்கூடத்து கேட்டுக்குள் வந்து சொல்லிப் பாருங்கள். வெளியே போங்க என்பார்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு, வேறு எங்கும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ஜூன் மாதம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகக் கட்டு வந்து இறங்கியதும், ஆபீஸ் ரூமில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பிள்ளையாருக்குச் சூடம் காட்டி, அதற்குப் பிறகு பரிணாமப் பாடம் இருக்கிற பக்கங்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து மூலைக்கு ஒன்றாக இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்துத்தான் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள். அரசாங்கம் கொடுத்த புத்தகம், கிழிக்க முடியாது. பின் அடிக்கலாம் அல்லவா? தை மாதம் திருப்புதல் தேர்வுக்கு முன்னால் ஒரே ஒரு நாள் பின்னைப் பிடுங்குவார்கள். அன்றைக்குப் பாடம் நடத்தப்படாது, கேள்வி பதில் எழுதிப் போடப்படும். ஏழு மார்க் கேள்வி அதில் வரும், விட முடியுமா? உலகநாதன் தானே வகுப்புக்கு வந்து, "இதை எழுதலாம், நம்பக் கூடாது, பரீட்சை முடிஞ்சதும் மறந்துடணும்" என்று ஆசி சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பள்ளியில் பிள்ளைகள் வரி விடாமல் படித்த பாடம் அது ஒன்றுதான். பின் அடித்த பக்கத்துக்கு நடுவில் விரலை விட்டு, குழல் மாதிரி சுருட்டி, ஒற்றைக் கண்ணால் படிப்பார்கள். என் பெண் அப்படித்தான் படித்தாள், எனக்குத் தெரியும்.

பள்ளிக்கு விருந்தாளி யார் வந்தாலும் உலகநாதன் ஒரு கேள்வி கேட்பார். "குரங்குலேர்ந்து மனுஷன் வந்தான்னா, இப்ப இருக்கற குரங்கெல்லாம் ஏங்க இன்னும் அப்படியே இருக்கு?" கேட்டுவிட்டுச் சிரிப்புக்குக் காத்திருப்பார். சிரிப்பு வந்ததும் அடுத்தது வரும். "அதுவும் இல்லாம, இதை நம்ம பெரியவங்க அன்னைக்கே சொல்லிட்டாங்க. முதல்ல மீன், அப்புறம் ஆமை, அப்புறம் பன்றி. வெள்ளைக்காரன் பார்த்து எழுதிக்கிட்டான்." கவனித்தீர்களா? இந்தக் கொள்கை சுத்தப் பொய், ஆனால் முதலில் சொன்னது நாம். இரண்டும் ஒரே மூச்சில் வரும், நடுவில் எச்சில்கூட விழுங்க மாட்டார்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த பள்ளிக்குப் போன வருஷம் பூர்ணிமா என்று ஒரு அறிவியல் டீச்சர் வந்து சேர்ந்தாள். கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். கணவர் இல்லை, ஒரே பெண், அதுவும் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு, டீச்சர் பிள்ளை என்பதால் பீஸ் பாதி. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மார்கழிக் கடைசியில் ஆர்டர் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் தாய்க்கும் மகளுக்கும் ஒரே நாளில் பள்ளிக்கூடம் போச்சு. இந்த நிலைமையில் இருக்கிறவள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாமா? இருக்கவில்லை. கார்த்திகை மாதம் ஒரு திங்கட்கிழமை, வகுப்பில் இருந்த நாற்பத்திரண்டு பேரையும் பின்னைப் பிடுங்கச் சொல்லி, நான்கு நாள் முழுசாகப் பாடம் நடத்தியிருக்கிறாள். குரங்கிலிருந்து மனிதன் வரவில்லை, குரங்குக்கும் நமக்கும் எப்போதோ ஒரே மூதாதை இருந்தது, நாம் பங்காளிகள் என்று சொல்லியிருக்கிறாள்.

பங்காளி என்ற சொல்தான் வினையாகப் போயிற்று. நம் ஊரில் பங்காளி என்றால் சும்மாவா? ஷார்ஜாவில் வேலை பார்க்கிற தமிழ்மாறன் என்பவர், அவர் பையனும் அதே வகுப்பு, பெற்றோர் வாட்ஸப் குழுவில் மூன்று நிமிஷம் பேசி அனுப்பினார். "எங்க குடும்பம் சோழர் காலத்துலேர்ந்து இங்க இருக்கற குடும்பம். குரங்கைப் பங்காளின்னு சொல்றதுக்கா நான் பாலைவனத்துல கெடந்து பீஸ் கட்டறேன்?" என்று ஆரம்பித்து, அந்த டீச்சரைத் தூக்காவிட்டால் பையனைத் தூக்கிவிடுவேன் என்று முடித்தார். அதற்கு முப்பத்தேழு பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள், எல்லாரும் போட்டார்கள், போட்டேன்.

கூட்டம் போட்டார்கள். தாளாளர் அறையில் உலகநாதன், தலைமையாசிரியை நாகரத்தினம், போண்டாவுக்காக வருகிற உறுப்பினர்கள் இரண்டு பேர், நான். மேசைக்கு எதிரே பூர்ணிமா. உட்காரச் சொன்னார்கள், நுனியில் உட்கார்ந்தாள்.

"என்னம்மா, உங்ககிட்ட என்ன சொன்னோம்? தையில ஒரு நாள், கேள்வி பதில். சொன்னோமா இல்லையா?" என்று நாகரத்தினம் ஆரம்பித்தார்.

"சொன்னீங்க மேடம். ஆனா புரியாம எழுதினா மார்க் வராது மேடம்."

"புரியணும்னு யாரு கேட்டா?"

இந்தச் சமயத்தில் உலகநாதனின் போன் அடித்தது. அவருடைய போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், ஊருக்கே தெரியும். வயலைப் பார்த்துக்கொள்கிற பகலவன்தான் பேசினார்.

"ஐயா, கீழ்ப் பங்குல புகையான் பூச்சி விழுந்துடுச்சுங்க. வட்ட வட்டமா காஞ்சு கெடக்கு. முந்தாநாள் அடிச்ச மருந்து கொஞ்சம்கூடக் கேக்கலைங்க. உரக்கடைக்காரர் கலப்படத்தைக் குடுத்துட்டாரு போல."

எனக்குப் போண்டா தொண்டையில் நின்றது. ஆனால் உலகநாதன் நியாயஸ்தர். பயிர் விஷயம் என்றால் அவருக்குத் தெய்வம் வந்து நாக்கில் உட்கார்ந்துவிடும்.

"யோவ் பகலவா, மருந்து மேல தப்பு இல்லய்யா. மூணு வருஷமா ஒரே மருந்தை அடிச்சோம்ல? முதல் வருஷம் நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பூச்சி செத்துச்சு. செத்தது போவட்டும். சாவாம ரெண்டு நின்னுச்சே, அது சும்மாவா நின்னுச்சு? பொறந்தப்பவே அது உடம்பு வேற மாதிரி. மத்தது செத்துப் போனதால சோறு பூரா அதுக்குத்தான், முட்டை பூரா அது வெச்சதுதான். அதோட குஞ்சுக்கும் அந்த உடம்புதானே வரும்? அப்படியே நாலு தலைமுறை போச்சுன்னா வயல் முழுக்க அந்த வகைதான் நிக்கும். நீ மருந்தைக் குடம் குடமா ஊத்தினாலும் குளிச்சுட்டுப் போயிடும். தண்ணியை வடிச்சு விடு, நான் வந்து பாக்கறேன்."

போனை வைத்தார். அய்யோ, என்ன அழகாகச் சொன்னார்! நான் இருபது வருஷமாக மருந்து விற்கிறேன், எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்ல வராது.

பூர்ணிமா மெதுவாகக் கேட்டாள். "ஐயா, இதை அப்படியே பத்தாம் வகுப்புல வந்து சொல்றீங்களா? எனக்கு ரெண்டு பீரியட் மிச்சமாகும்."

"எதைம்மா?"

"இப்ப சொன்னதைத்தாங்க. அந்தப் பாடமே அதுதாங்க ஐயா."

உலகநாதன் அவளையே பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு கணம் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம் வந்தது, கதிர் தடவும்போது வருமே, அந்தச் சந்தோஷம். அப்புறம் அது போய்விட்டது.

"அது பூச்சிம்மா."

"ஆமாங்க."

"பூச்சிக்கு நடக்கும். நமக்கு நடக்குமா?"

"கன்னுக்குட்டிக்கு நடக்கும்னு நீங்கதாங்க ஊரெல்லாம் சொல்றீங்க."

போண்டா உறுப்பினர் ஒருவர் சிரித்துவிட்டு, இருமலாக மாற்றிக்கொண்டார். உலகநாதன் நாற்காலியில் சாய்ந்தார். குரலைத் தாழ்த்தினார். "எனக்குப் புரியலைன்னு நினைக்காதம்மா. நாப்பது வருஷம் வயல்ல நின்னவன். ஆனா ஷார்ஜாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? முப்பத்தேழு பேர் கும்பிடு போட்டிருக்காங்க, பாத்தியா?"

பாருங்கள், கடைசியில் சாமியும் இல்லை, குரங்கும் இல்லை. வாட்ஸப்பில் விழுந்த கும்பிடு. அதில் ஒன்று என்னுடையது.

நாகரத்தினம் மேசை டிராயரிலிருந்து டைப் அடித்த தாள் ஒன்றை எடுத்து நகர்த்தினார். பரிணாமம் குறித்த பாடத்தைத் தேர்வு நோக்கத்துக்காக மட்டுமே நடத்துவேன் என்றும், அதில் எனக்குத் தனிப்பட்ட முறையில் எந்த நம்பிக்கையும் இல்லை என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன். கீழே அவள் கையெழுத்துக்கு ஒரு கோடு, சாட்சிகளுக்கு இரண்டு கோடு. இதை ஸ்கேன் எடுத்துக் குழுவில் போட்டால் ஷார்ஜா அடங்கிவிடும் என்பது ஏற்பாடு.

பூர்ணிமா இரண்டு தடவை படித்தாள். "போட்டா வேலை நிரந்தரங்களா?"

"நாளைக்கே ஆர்டர்" என்றார் உலகநாதன்.

கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள். தாளைத் திருப்பி வைத்துவிட்டு எழுந்து நின்றாள். "எழுதிட்டேங்க ஐயா. ஆனா நம்பலை."

உலகநாதனுக்குக் கோபம் வரும் என்று நான் நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வரவில்லை. அவர் தாளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், கோட்டின் மேலேயே கையெழுத்து இருக்கிறதா என்று சரிபார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். "எழுதியாச்சுல்ல? அது போதும்மா. போய் கிளாஸைப் பாருங்க."

அவள் போனாள். சாட்சிக் கோட்டில் நாகரத்தினம் போட்டார். பிறகு தாள் என்னிடம் வந்தது. நான் பேசத்தான் நினைத்தேன், நம்புங்கள். இந்தத் தாள் பொய், அந்தப் பெண் நம்புகிறாள், நீங்களும் நம்புகிறீர்கள், என் கடையில் மருந்து வாங்குகிற அத்தனை பேரும் நம்புகிறார்கள் என்று சொல்ல வார்த்தை எல்லாம் வரிசையாக இருந்தது. கூடவே நாற்பது ஏக்கரும் இருந்தது. கையெழுத்து அழகாக வந்தது. சாயங்காலம் அவர் கடைக்கு வந்தார், புது மருந்து ஒன்றைக் கொடுத்து, "இதுக்கு எந்தக் காலத்துலயும் பூச்சி பழகாதுங்க" என்றேன்.

வீட்டுக்குப் போனால் என் பெண் பிரகதீஸ்வரி வாசலிலேயே நிற்கிறாள். குழுவில் ஸ்கேன் வந்துவிட்டதாம், அவள் அம்மா போனில் பார்த்துவிட்டாளாம்.

"மிஸ் இருப்பாங்களாப்பா?"

"இருப்பாங்கம்மா. ஆர்டர் வந்துடும்." எனக்கே பெருமையாக இருந்தது.

"கீழ உங்க கையெழுத்து இருக்கே?"

"அது சும்மா சாட்சிக்கும்மா."

"எதுக்கு சாட்சி? மிஸ் நம்பலைங்கறதுக்கா? அவங்க நம்பலைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பதினைந்து வயசுப் பெண், கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தண்ணி கொண்டு வா என்றேன். கொண்டுவந்து வைத்தாள், திரும்பக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

என்ன, சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள், உலகநாதனைப் பார்த்தும் சிரியுங்கள், என்னைப் பார்த்தும் சிரியுங்கள். நீங்கள் படித்தவர், அந்த அறையில் இருந்திருந்தால் எழுந்து நின்று பேசியிருப்பீர்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். என்றைக்காவது அப்படி ஒரு தாள் மேசையைச் சுற்றி உங்கள் பக்கம் வரும்போது, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து முடிப்பதற்கு முன்னால், கொஞ்சம் குனிந்து உங்கள் கையைப் பாருங்கள். பேனா மூடியை அது ஏற்கெனவே கழற்றியிருக்கும்.