மூன்று செருமலும் ஐந்து வடையும்

கள்ளிக்குப்பம்,
12-2-1936

மகா-ள-ஸ்ரீ மைத்துனர் வீராசாமி அவர்கள் சமூகத்துக்கு, பரந்தாமன் கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் தங்கை பூங்காவனம், மகள் தாட்சாயிணி, கறவை மாடுகள் இரண்டு, எல்லோரும் சௌக்கியம். என் தொண்டை மட்டும் சௌக்கியமில்லை. கோலாரில் தாங்களும் வீட்டாரும் நலமாக இருக்க மாரியாத்தாள் துணை.

“நான் பார்த்துக் கொடுத்த சம்பந்தத்தை மூன்று செருமலில் தள்ளிவிட்டாயே, இனி உன் வாசற்படி மிதிக்க மாட்டேன்” என்று எழுதியிருந்தீர்கள். தாய்மாமன் வந்து நிற்காமல் கல்யாணம் ஒரு கல்யாணமா என்று உங்கள் தங்கை அழுகிறாள். மூன்று நாளாக எனக்கு ரசம்கூட ஊற்றவில்லை. ஐயா, அன்று சபையில் இருந்த உங்கள் ஊர் துலுக்கானம் ரயிலைப் பிடிக்கப் பாதியில் எழுந்து ஓடியவன். பாதிக் கதையைத்தான் உங்களிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறான். மீதியைக் கேளுங்கள்.

ஐப்பசியிலிருந்து என் தொண்டையில் உமி ஒட்டினாற்போல் ஓர் அரிப்பு, விழுங்கினால் இறங்காது, துப்பினால் வராது, காலையில் எழுந்து மாட்டை அதட்டினால் மாடே யாரோ என்று திரும்பிப் பார்க்கிறது, நாட்டு வைத்தியர் அதிமதுரம் கொடுத்தார், பக்கத்து வீட்டுக் குப்பம்மா திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள், அந்தப் புகையில் வீடே இருமியது, கடைசியில் பூந்தமல்லி டாக்டரிடம் போனால் அவர் தொண்டையைப் பார்த்துவிட்டு வயிற்றில் கோளாறு என்கிறார்! “வயித்துப் புளிப்பு மேல ஏறிக்கினு வருதுய்யா” என்றார். “நெஞ்சு எரியவே இல்லியே சாமி” என்றேன். “சில பேருக்கு நெஞ்சு எரியாமயே தொண்டைக்கு ஏறும்” என்றார். எரியாத நெருப்புக்கு வைத்தியமாம்! வடை, பஜ்ஜி கூடாது, தின்றதும் படுக்கக் கூடாது, கட்டிலின் தலைமாட்டை உயர்த்த வேண்டும். செங்கல் வைத்து உயர்த்தினேன். விடிந்தபோது கால்மாட்டில் தரையில் கிடந்தேன்.

இந்த லட்சணத்தில்தான் மாப்பிள்ளை வீட்டார் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள். நம் வகையறாவில் வேண்டாம் என்பதைச் சபையில் வாயால் சொல்வது மரியாதையில்லை, செருமுவதுதான் வழக்கம் என்பது தங்களுக்குத் தெரியாததா? ஒரு செருமல் என்றால் யோசிக்க வேண்டும், இரண்டு என்றால் மனசில்லை, மூன்று என்றால் தட்டை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். வடையும் காப்பியும் ஆனது. சம்பந்தி வேம்புலி, “எங்க லோகநாதனப் புடிச்சிகீதா?” என்றார். தங்கமான பையன் என்று சொல்ல வாயெடுத்தேன், செருமல் வந்தது. “வைகாசியில வெச்சிக்கலாமா?” என்றார். மறுபடியும். அவர் முகம் சுருங்கியது. “பொண்ண எங்கூட்டுக்கு அனுப்ப சம்மதந்தானே?” என்றார். மூன்றாவதும் வந்துவிட்டது.

“ஊடு தேடி வந்தவங்கள இப்டியா பண்றது?” என்று வேம்புலி தாம்பூலத் தட்டோடு எழுந்துவிட்டார். துலுக்கானம் எழுந்து ஓடியது இந்த இடத்தில்தான். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன், நான்காவது வந்தது. உங்கள் தங்கை தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அப்போது தாட்சாயிணி, கல்யாணப் பெண் என்றும் பார்க்காமல், அடுக்களையிலிருந்து வடைத் தட்டோடு நேரே சபைக்கு வந்தாள். “ஒக்காருங்க மாமா. எங்க நைனாவுக்கு வயித்துப் புளிப்பு தொண்டைக்கு ஏறிக்கினுகீது. நம்பலன்னா இன்னொரு வடை வோணுமான்னு கேட்டுப் பாருங்க” என்றாள்.

வேம்புலி என்னை முறைத்து, “வடை வோணுமாய்யா?” என்றார். செருமினேன். கை மட்டும் தானாகத் தட்டுக்குப் போனது. “இன்னொண்ணு?” செருமினேன், எடுத்தேன். ஐந்தாவது வடைக்குள் மாப்பிள்ளைப் பையன் சிரித்துச் சிரித்துத் தூணில் சாய்ந்துவிட்டான். “இந்த ஆளு வேணாம்னு சொல்லிக்கினே எல்லாத்தியும் துன்னுடுவாரு போலகீதே!” என்று வேம்புலி தட்டைக் கீழே வைத்தார். அங்கேயே தாம்பூலம் மாற்றிவிட்டோம். டாக்டர் விலக்கிய வடையை மகளுக்காக ஐந்து தின்ற தகப்பனை உலகத்தில் பார்த்திருக்கிறீர்களா?

ஆகவே மைத்துனரே, அந்தச் செருமல் அத்தனையும் நோய், ஒன்றுகூட என் மனசு இல்லை. மாரியாத்தாள் மேல் ஆணை. கோபத்தை விட்டு வைகாசிக்குப் பத்து நாள் முன்னதாகவே குடும்பத்தோடு வந்து, மருமகளை மணையில் அமர்த்தி ஆசீர்வதிக்க வேண்டும். குழந்தைகளுக்கு என் ஆசி.

தங்கள் அன்புள்ள
பரந்தாமன்

பி.கு. உங்கள் தங்கைக்குத் தெரியாமல் எழுதுகிறேன், படித்ததும் கிழித்துவிடவும். ஆணையில் ஒரு சின்னத் திருத்தம். மற்றதெல்லாம் புளிப்பு. மூன்றாவது என்னுடையது. அனுப்ப சம்மதமா என்று கேட்டதும் மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலம் தாட்சாயிணி, “மூணாவது உன்னுதுதானே நைனா?” என்று காதோடு கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். சீக்கிரம் வாருங்கள் மச்சான். அவள் வண்டி ஏறும்போது நான் மறுபடி செருமினால், வேம்புலி காதில் விழாதபடி சத்தமாகப் பேச எனக்கு ஓர் ஆள் வேண்டும்.